இடப்பக்க மதகு

பதினோரு வருடம்
எங்கள் மேசையில் உப்புக்கிண்ணம் இல்லை.
உப்பளக்காரன் வீட்டில்.
அவெய்ரோ காயலோரம் கேள்விப்பட்டால் சிரிப்பார்கள்.
கேள்விப்பட்டார்கள், சிரித்தார்கள்.

பெல்மீரா வைக்கும் கீரை சூப்
வெந்நீரில் விழுந்த இலைபோல் இருக்கும்.
நானும் அதையே குடித்தேன்.
பிறகு களத்துக்குப் போய்
யாரும் பார்க்காதபோது ஒரு கல் உப்பை
நாக்கில் வைத்துக்கொள்வேன்.
நான் செய்த துரோகம் அவ்வளவுதான்.

அப்படியும் இறங்கவில்லை.
நூற்றெண்பது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
மூன்று மாத்திரை, பிறகு நான்கு.
"ஒளித்துவைத்துத் தின்கிறாயா?" என்று
பழைய மருத்துவர் ஒருமுறை கேட்டார்.
அவள் பதில் சொல்லவில்லை.
திரும்பும் பேருந்தில் அவள் விரல்கள் கோணி இழுத்துக்கொண்டன.
பையின் காதிலிருந்து கையை விடுவிக்க முடியாமல்
நிறுத்தம் தாண்டி இறங்கினோம்.

அந்தக் கைதான் காட்டிக்கொடுத்தது.
கித்தேரியா என்கிற புது மருத்துவர்
விரல்களை நீவிவிட்டபடியே கேட்டார்:
பொட்டாசியம் யாராவது பார்த்தார்களா?

பார்த்தார்கள். வற்றிப்போன பாத்தி.

எனக்கு விளங்கவைக்க என் தொழிலைக் கேட்டார்.
மதகு பார்க்கிறவன், என்றேன்.
ஓதம் ஏறும்போது பலகையைத் தூக்குவேன்,
போதுமென்றால் இறக்குவேன்.
அப்படியானால் பாதி தெரியும் உங்களுக்கு, என்று
சோதனைச் சீட்டின் முதுகில் படம் போட்டார்.

நாளத்தில் அழுத்தம் தாழ்ந்தால்
சிறுநீரகம் ஓலை அனுப்பும். பெயர் ரெனின்.
ஓலை கைமாறி, நுரையீரல் வழியே போய், வேறு பெயர் பூண்டு,
போகிற வழியில் நாளங்களை இறுக்கி,
சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும்
சுரப்பியின் கதவைத் தட்டும்.
சுரப்பி ஒரே ஒரு சொல் சொல்லும்: ஆல்டோஸ்டிரோன்.
உப்பை விடாதே, என்று பொருள்.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும்;
ரத்தத்துக்கும் அதே சட்டம்.
நீர் ஏறும். மட்டம் வந்ததும் ஓலை நிற்கும்.

இவளிடம் ஓலையே வரவில்லை.
சிறுநீரகம் எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டது.
இடப்பக்கச் சுரப்பியில் பட்டாணியளவு முடிச்சொன்று
யாரும் கேளாமலே
இரவும் பகலும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது.

காவல் கிடையாதா, என்றேன்.
உண்டு, கழுத்தில்.
தலைக்கு ரத்தம் பிரிகிற முக்கில் நரம்பு நுனிகள்.
நாளம் விம்மினால் மூளைக்குச் சொல்லும்,
மூளை இதயத்தை அடக்கும்,
கண்ணிமைக்கிற நேர வேலை.
ஆனால் வெள்ளம் வடியாமல் வருடக்கணக்கில் நின்றால்
காவலர்கள் அந்த மட்டத்துக்கே பழகிவிடுகிறார்கள்.
நூற்றெண்பதைப் பார்த்துவிட்டு
எல்லாம் நலம் என்று எழுதுகிறார்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த சூப்புக்குப் பழகியவன் நான்.

அக்டோபரில், கடைசி உப்புக் குவியலையும் மூடிய பிறகு,
கோயிம்ப்ராவில் அதை எடுத்தார்கள்.
நூற்றிருபத்தாறு என்றது கருவி.
பழுது என்றாள் பெல்மீரா; என் கையில் கட்டச் சொன்னாள்.
எனக்கு நூற்றைம்பது.
ஆஸ்பத்திரி வாடைக்கே சிலருக்கு நரம்பு முறுக்கும், என்று
தாதி என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

ஆனால் கட்டிலைவிட்டு எழுந்தவள் சுவரைப் பிடித்தாள்.
வலப்பக்கச் சுரப்பி,
மற்றதன் இரைச்சலில் இத்தனை காலம் வாய்மூடிக் கிடந்தது,
சொல்லை மறந்துவிட்டிருந்தது.
நினைவு வர வாரங்கள் ஆகலாம்.
அதுவரைக்கும், என்று கித்தேரியா தாளில் எழுதினார்.
இருவரும் படித்தோம். பெல்மீரா இன்னொரு முறை படித்தாள்.

உணவில் உப்பு தாராளமாகச் சேர்க்கவும்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். இல்லை.
என் சட்டைப்பையைப் பார்த்தாள்,
பதினோரு வருடமாக அதைத் துவைத்தவள்,
கையை நீட்டினாள்.

விரல்கள் நேராக இருந்தன.